அறுபத்து நாலாவது கூடை

அறுபத்து நாலாவது கூடையில் பவளக்கொடியின் கண் நின்றது. நின்ற இடம் ஒரு பென்குவின். வெள்ளை மார்பில் வலப்பக்கம் ஒரு கை அகலத்துக்குச் சேறு அப்பிய பென்குவின், சுவரில் யாரோ வரட்டி தட்டிவிட்டுப் போன மாதிரி. அதற்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் எண்ணியாயிற்று, அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் இனிமேல்தான், நடுவில் எல்லைக்கல்லாக அது ஒன்று. கண்ணை எடுத்தால் போச்சு. ஓடைக்கு வலக்கரையிலும் இடக்கரையிலுமாகச் சரிவு முழுக்க ஒன்பதாயிரத்துச் சொச்சம் நிற்கிறது, இடுப்பு உயரம், எல்லாம் ஒரே அச்சு, எல்லாவற்றுக்கும் காதோரம் அதே மஞ்சள், விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்க பிரம்மா வந்தாலும் நடக்காது. அதனால் அவள் கண்ணை எடுக்கவில்லை. உட்கார்ந்து நீட்டியிருந்த இடது காலின்மேல் என்னமோ கனமாக வந்து ஏறியபோதும் எடுக்கவில்லை. ஏறியது அசைந்தது, உஸ்ஸென்று மூச்சு விட்டது, ஈரக் கம்பளி வாடை அடித்தது, முழங்காலுக்குக் கீழே ஒரு உப்பு மூட்டையைச் சாய்த்து வைத்ததுபோல் அழுத்தியது. கண்ணோரத்தில் மட்டும் பார்த்துக்கொண்டாள். சாம்பல் நிறத் தலை, அந்தத் தலையில் பாதியைக் கண்ணே எடுத்துக்கொண்டிருந்தது. யானைச் சீல் என்கிற கடல்நாய்க் குட்டி. அடி ஆத்தாடி என்று மனசு துள்ளியது, உடம்பு துள்ளவில்லை. விலங்குகளிடம் ஐந்து மீட்டருக்குள் போகக்கூடாது, அதுவாக வந்தால் அதுவாக எழுந்து போகிறவரை ஆடாமல் இருக்கவேண்டும் என்று கப்பலில் நான்கு தரம் சொல்லிக் கையெழுத்து வேறு வாங்கியிருந்தார்கள். சரி, ஆடவில்லை. யாருக்கு ஆடத் தோன்றும்? வேதாரண்யத்துக்காரி ஒருத்தியின் காலில், உலகப் படத்தில் ஆணி அடிக்கிற விளிம்பில் இருக்கும் ஒரு தீவில், பால் மறந்த ஒரு கடற்பிள்ளை தலைவைத்துப் படுத்திருக்கிறது. இதைப் புருஷன் முருகையனிடம் சொன்னால் நம்புவானா? நம்பமாட்டான். உப்பு லாரி ஓட்டுகிற அந்த மனுஷன், புறப்படுகிற அன்றைக்குக்கூட, நீ போயி எண்ணலன்னா அந்தப் பறவையெல்லாம் கணக்குத் தெரியாம செத்தா போயிடும் என்று கேட்டவன்தான். அறுபத்து நாலு. அறுபத்து நாலு. சேத்து மார்பு. விடாதே.

கூடை என்பது ஐம்பது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவளைக் கிறுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள், முதலில் நினைத்தவர்களும் உண்டு. உப்பளத்தில் பெண்கள் கூடைகூடையாக உப்பைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டும்போது, சின்ன வயசில் வரப்பில் நின்று எத்தனை கூடை விழுகிறது என்று எண்ணியவள் அவள். உப்பை மணிமணியாக யாராவது எண்ணுவார்களா? கூடையைத்தான் எண்ணுவார்கள். அந்தக் கண்ணோடு கோடியக்கரைச் சதுப்புக்குப் பறவை ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சோறு கொண்டு போனவள், ஒரு நாள் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து, இது நூத்தி இருபது கூடை வரும் சார் என்று வாயை விட்டாள். சிரித்தார்கள். படம் எடுத்து, பெரிதாக்கி, புள்ளி வைத்து மூன்று நாள் எண்ணிப் பார்த்தவர்கள் அப்புறம் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம். உள்ளானும் பூநாரையும் வந்து வந்து போயின, அறிக்கைகளும் வந்து போயின, எல்லா அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தில் 'உள்ளூர் உதவியாளர் ஒருவர்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒருவர் இவள்தான். படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரிதான் என்று போய்விடுவாள், ஆனால் அந்த 'ஒருவர்' நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இப்போது நாற்பத்து நாலு வயசில், செல்வின் தம்பி, நாகர்கோவில்காரன், பறவை ஆராய்ச்சிக்குப் படித்த பிள்ளை, அஞ்சு வருஷம் எழுதி எழுதி அனுமதி வாங்கி, இந்தத் தீவுக்குக் கூட்டிவந்து, களப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'எண்ணியவர்' என்ற கட்டத்துக்கு நேரே, மு. பவளக்கொடி என்று மசியால் எழுதிவிட்டான். எழுதியதை அவள் மூன்று தரம் போய்ப் பார்த்தாள், மசி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. ஒரே ஆள் கண்ணால் மூன்று முறை எண்ணவேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டிவர வேண்டும், அப்போதுதான் அந்தப் பெயர் நிற்கும். முதல் எண்ணிக்கை நூற்று எண்பத்து மூன்று கூடை. இரண்டாவது நூற்று எண்பத்தாறு. இது மூன்றாவது. நாலு மணிக்குப் படகு. அதற்குள் முடிந்துவிடும், இப்போது இரண்டரைதான் ஆகிறது.

முடிந்துவிடும், முடிந்துவிடும். இந்த இடத்தில் உட்கார்ந்து எதுதான் முடியாது? காலையில் ரப்பர் படகிலிருந்து தண்ணீரில் கால் வைத்தபோதே அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை, ஐந்து வயசுப் பிள்ளைக்கு ராட்டினத்தில் ஏறும்போது அடிக்கிற மாதிரி. கரையில் இருபது பென்குவின் வரிசையாக நின்று, யார் வருவது என்று விசாரிக்க வந்த சம்பந்தி வீட்டார்போலக் கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஒன்று நடந்தே வந்து அவள் பூட்சுக் கயிற்றை ஒரு இழு இழுத்தது. மரம் ஒன்றுகூட இல்லாத தீவு, காற்றில் படுத்தே வளர்ந்த புல்லும் கறுப்புப் பாறையும் மேகத்துக்குள் நுழைந்துவிட்ட ஒரு பனிமலையும். வாடை என்றால் அப்படி ஒரு வாடை, கருவாட்டுக் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவளுக்கே மூக்கு மடங்கியது. சத்தம் அதற்குமேல். கடலிலிருந்து திரும்புகிற தாய் தகப்பனெல்லாம் தலையைத் தூக்கித் தன் பிள்ளையைக் கூப்பிட, அத்தனையிலும் ஒரே ஒரு குஞ்சு எங்கிருந்தோ பதில் குரல் கொடுக்கும், திருவிழாவில் காணாமல்போன பிள்ளைகளை ஒலிபெருக்கியில் அழைப்பதுபோல, ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரம் ஒலிபெருக்கி. காது அடைத்துப்போய் அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். தலைக்குமேல் ஒரு அல்பட்ராஸ் இறக்கையை ஒரு தரம்கூட அசைக்காமல் போயிற்று, முருகையனின் லாரி அகலம் இருக்கும். பார்த்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் தெரியாது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வரும், துக்கத்தில் பசிக்கும், அவள் உடம்பு அப்படி. அழுததில் மூக்கு ஒழுகியது, குளிரில் அது ஒழுகிக்கொண்டே இருக்கிறது, இப்போதுகூட, இந்தா, மேலுதட்டில் ஈரம், குட்டி தலையைத் தூக்கிப் பார்க்கிறது, ஒன்றுமில்லை கண்ணு, மூக்குதான், நீ படு.

படுத்தது. அவள் சேத்து மார்பிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையிலிருந்த கிளிக்கரை, ஒரு அழுத்துக்கு ஒரு எண் கூடுகிற அந்தச் சின்னக் கருவியை, கட்டைவிரல் விலகாமல் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலை மட்டும் இடது கைச் சட்டைக்குள் விட்டுக் கைக்குட்டையை உருவினாள். கைக்குட்டை எப்போதும் அங்கேதான், உள் ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டிக்குள், பள்ளிக்கூட டீச்சர் செருகுவதுபோல. மூக்குக்குக் கொண்டுபோனாள். ஓம வாடை அடித்தது. நல்ல வாடை, வயிற்றுக்கு இதமான வாடை, கப்பலில் ஆறு நாள் அவளைச் சாகாமல் காப்பாற்றிய வாடை. அலை வீடு உயரத்துக்கு எழும்பி விழுந்த அந்த ஆறு நாளும் கைக்குட்டை மூலையில் முடிந்த ஓமத்தில் நாலு எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டு, மிச்சத்தை முகர்ந்துகொண்டு, படுக்கையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். ஆமாம், மூலையில் முடிச்சு. அந்த முடிச்சு. விரல் முடிச்சைத் தேடிப் போனது. முடிச்சு இருந்தது, தளர்ந்து இருந்தது, ஒரு கோலிக்குண்டு அளவுக்கு இருக்கவேண்டியது பட்டாணி அளவுக்கு இருந்தது. வாய் பிளந்திருந்தது. அவள் மடியில், கறுப்புக் கால்சட்டையின் சுருக்கத்தில், இரண்டு மூன்று ஓமம். அதைப் பார்ப்பதற்குக் கண் தாழ்ந்தது, ஐயோ, சேத்து மார்பு, தூக்கினாள், எங்கே, எங்கே, இதோ இருக்கிறது, இருக்கிறது. அறுபத்து நாலு.

மொய்ரா. முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெண்மணியின் இடுக்கிதான். அறுபது வயசுக்காரி, ஒல்லி, தீவைக் காவல் காக்கிற பொறுப்பு, பன்னிரண்டு கோடையாக இங்கே வருகிறவள். இன்று காலை கப்பலில் மூன்று மணி நேரம் சோதனை போட்டாள். பையைக் கவிழ்த்து உதறினாள், பாக்கெட்டை வெளியே இழுத்து வேக்குவம் வைத்து உறிஞ்சினாள், பூட்ஸ் அடியில் ஊசியால் நோண்டினாள், வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை ஈருகுத்துகிற மாதிரி விரித்து விரித்துப் பார்த்தாள். செல்வின் தம்பியின் காலுறையிலிருந்து ஒரு புல் விதையை இடுக்கியால் எடுத்து, எல்லோருக்கும் காட்டி, இது ஒன்று போதும் என்றாள். வேறொரு தீவில் அப்படி ஒரு ஆளின் காலோடு வந்த ஒரு புல், கடற்பறவை வளை தோண்டுகிற மண்ணையெல்லாம் மூடிக்கொண்டதைப் படமாகக் காட்டினாள். எதைக் கொண்டு வந்தது தெரிந்தாலும், தெரியவந்த நிமிஷமே சொல்லவேண்டும், கொண்டுவந்த ஆள் உடனே கப்பலுக்குத் திரும்பவேண்டும், மறுபடி கரை ஏற முடியாது, அந்த ஆள் எடுத்த கணக்கு எதுவும் ஏற்கப்படாது. இதற்கும் கையெழுத்து. பவளக்கொடியும் போட்டாள், பாக்கெட்டில் ஏதாவது உண்டா என்று கேட்டபோது இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். பொய்யில்லை. பாக்கெட்டில் இல்லை. கைக்குட்டை அவளுக்குக் கைக்குள் இருந்தது, மூக்குத்தி மூக்கில் இருப்பதுபோல, அது இருக்கிறது என்று நினைத்தால்தானே கழற்றித் தரமுடியும்? வேதாரண்யத்தில் எந்தப் பொம்பளை முடிச்சைச் சாமான் என்று நினைப்பாள், அது துணியோடு துணி. இதை மொய்ராவுக்கு எந்த மொழியில் எடுத்துச் சொல்வது, சொன்னாலும் என்ன, விதைக்கு அது தெரியுமா.

சொல்லாவிட்டால்? ஒன்றரை மணி நேரம். நூற்றிருபது கூடை சொச்சம். எழுந்து, படகேறி, கைக்குட்டையைக் கப்பலில் கழுவிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. ஓமம் இந்தக் குளிரில் முளைக்குமா? அவள் வீட்டுக் கொல்லையில், வேதாரண்யத்து வெயிலில், தண்ணீர் ஊற்றி, எரு போட்டு, தினம் போய்ப் பார்த்தே முளைக்கவில்லை. இங்கே முளைத்துக் கிழிக்கப் போகிறதா? அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது, சிரிப்புகூட வந்தது, காலில் கிடந்த குட்டி கொட்டாவி விட்டது, அதன் வாய்க்குள் ரோஸ் நிறம் தெரிந்தது, அவள் மறுபடி அறுபத்தைந்துக்குப் போகக் கட்டைவிரலை வைத்தாள். வைத்த விரல் அழுத்தவில்லை. கடைத்தெரு ஓமம். அதுதான் சிக்கிக்கொண்டது. கடைத்தெரு ஓமம் என்றைக்கு வெறும் ஓமமாக இருந்திருக்கிறது? முறத்தில் போட்டுப் புடைத்தால் கால்வாசி வேறு சமாச்சாரம் வரும், கல்லு, தூசி, காம்பு, பேர் தெரியாத புல் விதை, மிளகாய்ப்பூண்டு விதை. எப்போதும் புடைத்துத்தான் டப்பாவில் போடுவாள். இந்தத் தடவை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பொட்டலத்தைப் பிரித்து அப்படியே முடிந்துகொண்டாள். ஓமம் முளைக்காது, சரி. ஓமத்தோடு வந்தது எது என்று யார் கண்டார்கள்? எங்கெல்லாம் மூக்கைத் துடைத்தோம்? கரையில் கொடிக்கம்பத்தருகே ஒரு தரம், அல்பட்ராஸ் போனபோது. ஓடையைத் தாண்டும்போது ஒரு தரம், கைக்குட்டையை உதறிக்கூட விட்டாள், அட பாவி, உதறினாயே. புல்மேட்டில் ஒரு தரம். இங்கே. நாலு இடம். நாலு இடத்திலும் காற்று.

வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்த நினைப்பு அப்போது வந்துவிட்டது. சீமைக்கருவை. அவளுக்குக் கல்யாணமான புதுசில் சதுப்புக்குள் ஒரு திட்டு இருந்தது, எட்டாம் திட்டு என்று சொல்வார்கள், அங்கே முழங்கால் தண்ணீரில் நின்றால் நாலு பக்கமும் உள்ளான், காலடியில் பஞ்சு மாதிரி சேறு, அவள் பறவையைக் கூடையாக எண்ணப் பழகியதே அங்கேதான். அதன் ஓரத்தில் முதல் வருஷம் ஒரு கருவைச் செடி நின்றது. எட்டு இலை இருந்திருக்கும். பச்சையாக இருந்தது, பார்க்க நன்றாகக்கூட இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதில் துண்டைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவாள், தானும் அதை வளர்த்தவள் மாதிரிதான். ஊருக்கு விறகாகும் என்று எவரோ நல்ல மனசோடு கொண்டுவந்து தூவிய விதை அது, கெட்டவன் யாரும் இல்லை. ஆடு தின்றது, காட்டுக் குதிரை தின்றது, போகிற இடமெல்லாம் போட்டது. இன்றைக்கு எட்டாம் திட்டு எங்கே இருந்தது என்று கேட்டால் அவளால் கை காட்டத்தான் முடியும், உள்ளே போக முடியாது, ஒரு தரம் போய்க் குதிகாலில் முள் ஏறிப் பதினைந்து நாள் படுத்தாள். அந்த முதல் செடியைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ரெண்டு விரல் போதும். துண்டு போட்ட விரல் பிடுங்கியிருக்கக் கூடாதா? அவளுக்குக் கோபம் வந்தது, இருபது வருஷத்துக்கு முந்தைய தன்மேல், பேர் எழுதிய மசிமேல், ஓமத்தின்மேல், ஏன் காலில் படுத்திருக்கிற இந்தச் சோம்பேறியின்மேலும்கூட. எழுந்துபோயேன், நீ எழுந்துபோனால் நானே ஓடிப்போய் நாலு இடத்திலும் குனிந்து பொறுக்கிவிட்டு ஒருத்தருக்கும் தெரியாமல் வந்துவிடுவேன். பொறுக்க முடியுமா? முடியாது என்று தெரியும். சேத்து மார்பு முட்டையைப் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு, புடவை தடுக்காமல் நடக்கிறவள்போல ரெண்டடி நகர்ந்தது. கண்ணும் கூடவே நகர்ந்தது. அறுபத்து நாலு. என்ன அழகாகத்தான் நடக்கிறாய், போ.

இடது கை தானாக மார்புப் பட்டையில் இருந்த வாக்கி-டாக்கிக்குப் போயிற்று. செல்வின் கரையின் மறுகோடியில், மொய்ராவோடு, பாறைக்குப் பின்னால் இருந்தான்.

"தம்பி, நான் பவளம். ஒரு விஷயம். கோவப்படாம கேளுங்க. எங்கிட்ட ஓமம் இருந்துச்சு."

"என்னத்தயாக்கும் சொல்லுதிய? ஓமமா?"

"கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்தேன், கப்பல்ல குமட்டுச்சுன்னு. மறந்தே போயிட்டேன். இப்பப் பாத்தா முடிச்சு அவுந்து பாதி கொட்டிப்போயிருக்கு. அரைக் கரண்டி இருக்கும்."

அவன் குரல் தாழ்ந்து வந்தது. "அக்கா, மொய்ரா அங்கன தள்ளி நிக்குதா. அவளுக்குத் தமிழும் தெரியாது. எத்தனையில நிக்குதிய?"

"அறுவத்து நாலு."

"நாலு மணிக்கு எண்ணி முடிச்சிட்டு சொல்லிகிடலாமே. ஒண்ணரை மணிக்கூறுல என்ன ஆயிரும்? உங்க பேரு அக்கா. அஞ்சு வருசமாக்கும்."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவன் சொன்னது அத்தனையும் அவளே ஏற்கெனவே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான், அவன் வாயால் கேட்டபோது இன்னும் இனிப்பாக இருந்தது, ஒரு கணம் விழுங்கிவிடலாம் போலத்தான் இருந்தது.

"காத்து அடிக்குது தம்பி" என்றாள். "நாலு மணி வரைக்கும் அது கெடந்த எடத்துலயே கெடக்குமா? சொல்லிடுங்க. கரையில கொடிக்கம்பத்துக்கிட்ட, ஓடையத் தாண்டுற எடம், புல்லுமேடு, அப்பறம் நான் உக்காந்திருக்கிற எடம். நாலு. ஓடைக்கிட்ட நல்லாத் தேடச் சொல்லுங்க, அங்க உதறிட்டேன்."

சொல்லி முடித்ததும் பயம் போய்விட்டது, அதுதான் வேடிக்கை. பதிலுக்குப் பசித்தது. துக்கம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் கீழே, கூட வந்த ஆட்கள் தூரிகையும் பையுமாக ஓடைப் பக்கம் மண்டியிடுவது கண்ணோரத்தில் தெரிந்தது, மொய்ரா இழுத்தால் நீளும் கோல் ஒன்றை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறிவந்தாள், பின்னால் செல்வின் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. சரியாக ஐந்து மீட்டர் தள்ளி மொய்ரா நின்றாள். பவளக்கொடியைப் பார்த்தாள். காலில் கிடந்த நூற்றிருபது கிலோவைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள், ஏனென்றால் சட்டம் அவளுக்கும் சட்டம்தான். கோலின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி நீட்டினாள், பவளக்கொடி கைக்குட்டையையும் மடியிலிருந்து விரலால் ஒற்றி எடுத்ததையும் அதில் போட்டாள், பார்க்காமலே, தடவித் தடவி. பார்வை சேத்து மார்பில்.

"நீ உடனே கப்பலுக்குப் போகவேண்டும்" என்றாள் மொய்ரா. பறவைக்காரர்களோடு பழகிப் பழகி வந்த ஆங்கிலம்தான் பவளக்கொடிக்குத் தெரியும், அது இதற்குப் போதும். "ஆனால் அது எழுந்திருக்கும்வரை நீயும் போகமுடியாது, நானும் உன்னிடம் வரமுடியாது."

"அதுவரைக்கும் எண்ணலாமா?"

"எண்ணுவதை நான் ஏன் தடுக்கப்போகிறேன்? பதிவாகாது. அவ்வளவுதான்." கோலைச் சுருக்கிப் பையின் வாயை முடிந்தாள். "ஏன் சொன்னாய்? உன் சட்டைக் கைக்குள் நான் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கவும் மாட்டேன்."

"நீங்க பாக்கமாட்டீங்க. அதனாலதான் சொன்னேன்."

மொய்ரா தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பவளக்கொடி கட்டைவிரலை அழுத்தினாள். அறுபத்தைந்து. சேத்து மார்பைத் தாண்டிக் கண் வழுக்கிக்கொண்டு போயிற்று, அறுபத்தாறு, அறுபத்தேழு, எங்கும் எழுதப்படாது என்று தெரிந்துவிட்ட பிறகு கண்ணுக்கு என்ன சுதந்திரம், ஒவ்வொரு கூடையிலும் ஒரு முகத்தை நின்று பார்க்கக்கூட நேரம் இருந்தது. இது அலகை மேலே தூக்கித் தூங்குகிறது. இது பக்கத்து வீட்டுக்காரியை இறக்கையால் சாத்துகிறது. இந்தத் தவிட்டு நிறக் குஞ்சு, அம்மாவைவிடக் குண்டு, இன்னும் ஊட்டச் சொல்லிப் பின்னாலேயே ஓடுகிறது, என் மகள் யாழினி மாதிரி. எழுபத்தெட்டு. ஒரு வெள்ளைப் பறவை, கோழி சைசில், கால் கறுத்து, கூட்டத்துக்குள் எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறது, நாலு பேர் திட்டுகிறார்கள். தொண்ணூற்றொன்று. கால் மரத்துப்போய் அது தன் கால்தானா என்றே தெரியவில்லை, குட்டி தூக்கத்தில் மூக்கை அவள் முழங்காலில் தேய்த்தது, நூற்று நாலு, அழாதே, கைக்குட்டை இல்லை. வலக்கரை முடிகிற இடத்தில் ஓடை தெரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு. இனி இடக்கரை. கண்ணை ஓடைக்கு அந்தப் பக்கம் எடுத்து வைத்தாள், வைத்த அந்த நிமிஷம் கால்மேல் கனம் அசைந்தது. குட்டி தலையைத் தூக்கியது, தும்மியது, அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தது, பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் உடம்பை மடித்து மடித்து உருண்டுகொண்டு சரிவில் இறங்கிப்போயிற்று.

மொய்ரா எழுந்தாள். பவளக்கொடியால் எழ முடியவில்லை, செல்வின்தான் தூக்கிவிட்டான். இருவரும் அவள் மேல்சட்டையைக் கழற்றிப் பையில் போட்டு, படகிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு ஆரஞ்சு மழைக்கோட்டை மாட்டிவிட்டார்கள். கிளிக்கரை அவள் செல்வினிடம் நீட்டினாள். அவன் வாங்கி, நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டிய அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரே ஆளின் கண்ணால் மூன்று முறை. நாளைக்கு அவன் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும், எண்ணியவர் என்ற கட்டத்தில் வேறு பெயர் எழுதவேண்டும். "மன்னிச்சிருங்க அக்கா" என்றான். கிளிக்கரின் பக்கவாட்டுத் திருகைத் திருப்பினான். எண்கள் ஒவ்வொன்றாக உருண்டு பூஜ்யத்துக்கு வந்தன.

"ஒவ்வொண்ணா எண்ணாதீங்க தம்பி, பைத்தியம் புடிச்சிடும்" என்றாள். "கண்ண மெதுவா விடுங்க. ஐம்பது வந்ததும் அதுவா நிக்கும்."

படகு கிளம்பியது. அவளையும் படகோட்டியையும் தவிர ஆள் இல்லை. அலை ஏறி இறங்கியது, வயிறு குமட்ட ஆரம்பித்தது, வாயில் போட்டு மெல்ல ஒன்றும் இல்லை, அவள் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேட்டிலிருந்து பார்த்தபோது பாறைகள் அங்கங்கே மறைத்திருந்த இடக்கரை, இங்கே கடலிலிருந்து பார்க்க, தாம்பாளத்தில் வைத்ததுபோல் முழுக்கத் தெரிந்தது. ஒரு பறவைகூட மறையவில்லை. இரண்டு தரமும் இப்படிப் பார்க்கவே இல்லையே என்று அவளுக்கு உடம்பு முழுக்க ஒரு பரபரப்பு ஏறியது, குமட்டல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. படகோட்டியின் தோளைத் தட்டி, கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் மெதுவா என்று கையால் காட்டினாள். அவன் என்ன நினைத்தானோ, வேகத்தைக் குறைத்தான். கிளிக்கர் இல்லாத கட்டைவிரலை விரல் கணுக்களில் வைத்து, யாரும் கேட்காத, எந்தப் புத்தகத்துக்கும் போகாத அந்தக் கணக்கை அவள் ஓடைக்கரையிலிருந்து எடுத்தாள். அலை தூக்கும்போது எண்ணினாள், இறக்கும்போது பிடித்து வைத்துக்கொண்டாள், படகு கப்பலின் ஏணியைத் தொடுவதற்குச் சற்று முன்னால், பனிமலையின் அடியில் தனியாக நின்ற கடைசிக் கும்பலில் முடித்தாள். வலக்கரையின் நூற்றுப் பன்னிரண்டோடு எழுபத்து மூன்று கூடை, பதினொரு பறவை.